“கை ஓட மாட்டேங்குது”: மலையகத்தில் பெயரில்லாத பணிச்சோர்வு

மடுல்சீமைத் தோட்டங்களில் ‘பணிச்சோர்வு’ என்ற சொல்லை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. “ஒடம்பு ஒரே அசதியா இருக்கு”, “மலைக்குப் போக மனசே வரல”, “முன்ன மாதிரி கை ஓட மாட்டேங்குது” என்றுதான் சொல்வார்கள். கொழுந்து பறிக்கும் குடும்பத்தில் வளர்ந்த எனக்கு இவை அன்றாடம் கேட்ட வார்த்தைகள். இந்த மூன்றையும் சேர்த்துப் பார்த்தால், உலக சுகாதார நிறுவனம் தரும் வரைவிலக்கணமே வந்துவிடுகிறது.

அமெரிக்க உளவியலாளர் ஹெர்பர்ட் பிராய்டன்பெர்கர் 1974இல் இலவச மருத்துவ நிலையங்களில் பணியாற்றியவர்களிடம் கண்ட நிலைக்கு ‘பேர்ன் அவுட்’ என்று பெயரிட்டார். 2019இல் உலக சுகாதார நிறுவனம் அதற்கு மூன்று அடையாளங்களைத் தந்தது: சக்தி வற்றிப்போதல், வேலையிலிருந்து மனம் விலகுதல், தன்னால் முடியவில்லை என்ற உணர்வு. இது ஒரு நோயல்ல, நீண்டகால வேலை அழுத்தம் சரியாகக் கையாளப்படாததால் வரும் நிலை என்றும் அது தெளிவாகச் சொன்னது.

எப்படி இனங்காண்பது?

சாதாரண களைப்பு ஞாயிற்றுக்கிழமை ஓய்வோடு போய்விடும். பணிச்சோர்வு திங்கள் காலையிலும் அப்படியே இருக்கும். நிரையில் எல்லாரையும் சிரிக்க வைத்தவர் பேச்சைக் குறைத்துக்கொள்வார். சின்ன விஷயத்துக்கும் பிள்ளைகள் மீது எரிந்து விழுவார். அதே மலையில், அதே பருவத்தில், பக்கத்து நிரைக்காரி நிறுக்கும் கொழுந்தைத் தன்னால் நிறுக்க முடியவில்லை என்று மனம் உடைவார். கங்காணி இதைச் சோம்பல் என்பார். சில காலத்தில் அவரே தன்னைச் சோம்பேறி என்று நம்பத் தொடங்குவதுதான் ஆபத்து.

ஆனால் எல்லா அசதியும் பணிச்சோர்வு அல்ல. தோட்டப் பெண்களிடையே இரத்தசோகை பரவலாக உண்டு. மேடு ஏறும்போது மூச்சு வாங்குதல், தலைசுற்றல், உள்ளிமை வெளுத்திருத்தல் இருந்தால் முதலில் இரத்தப் பரிசோதனை செய்ய வேண்டும். நீரிழிவு, தைரொயிட் குறைபாடு ஆகியவையும் இப்படித்தான் தொடங்கலாம். தினமும் பனடோல் போட்டுக்கொண்டு மலைக்குப் போவது இவை எதையும் தீர்க்காது. சாப்பாட்டோடு சேர்த்துக் குடிக்கும் தேநீர், உணவிலுள்ள இரும்புச்சத்தை உடல் உறிஞ்சுவதைக் குறைக்கிறது. தேநீரைச் சாப்பிட்டு ஒரு மணி நேரம் கழித்துக் குடிப்பது நல்லது.

வேலையில் மட்டுமன்றி எதிலுமே விருப்பமில்லாமல், தூக்கமின்றி இரண்டு வாரத்துக்கு மேல் போனால் அது மனச்சோர்வு நோயாக இருக்கலாம். அதற்கு வைத்தியரின் உதவி தேவை. வாழ்ந்து என்ன பயன் என்ற எண்ணம் வந்தால் இரண்டு வாரம் காத்திருக்க வேண்டாம். தேசிய மனநல நிறுவகத்தின் 1926 என்ற இலக்கத்துக்கு உடனே அழைக்கலாம்.

இரண்டு வேலை, ஒரு சம்பளம்

உலக சுகாதார நிறுவனத்தின் வரைவிலக்கணம் தொழிலிடத்தை மட்டுமே கணக்கில் எடுக்கிறது. தோட்டத்துப் பெண்ணுக்கு அது பாதி நாள்தான். விடியுமுன் எழுந்து ரொட்டி தட்டி, பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பிவிட்டுப் பிரட்டுக்குப் போக வேண்டும். அந்திக் கொழுந்து நிறுத்துவிட்டு லயத்துக்கு வந்தால் விறகும் தண்ணீரும் அடுப்பும் காத்திருக்கும். இந்த இரண்டாவது வேலைக்குப் பேர் போடும் செக்ரோல் கிடையாது.

ஓய்வெடுக்கவும் விலை உண்டு. நிர்ணயித்த கிலோ வராவிட்டால் அரைப் பேர்தான் என்பது பல தோட்டங்களின் நடைமுறை. வருகைக் கொடுப்பனவு 2013 கூட்டு ஒப்பந்தத்தில் நாளுக்கு 140 ரூபாயாகவும் 2016 ஒப்பந்தத்தில் 60 ரூபாயாகவும் இருந்தது. வேலை வழங்கப்பட்ட நாட்களில் 75 சதவீதம் வந்திருந்தால்தான் அது கிடைத்தது. மடுல்சீமையிலிருந்து பசறை வழியாகப் பதுளை வைத்தியசாலைக்குக் கிளினிக் போனால் அன்றைய சம்பளம் போய்விடும். ‘லீவு எடுத்து ஓய்வெடுங்கள்’ என்ற அறிவுரை மாதச் சம்பளக்காரருக்கானது.

மீள்வது எப்படி?

வீட்டிலிருந்து தொடங்கலாம். தண்ணீர், விறகு, சமையல், பிள்ளைகளின் படிப்பு என்று ஒரு நாளின் வேலைகளை எழுதி, ஒவ்வொன்றையும் யார் செய்கிறார் என்று பாருங்கள். கணவரும் வளர்ந்த ஆண்பிள்ளைகளும் இரண்டு வேலையைப் பொறுப்பெடுத்தால் அம்மாவுக்கு மாலையில் ஒரு மணி நேரம் மிஞ்சும். பகல் சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடுவதும் வேலைக்கிடையே தண்ணீர் குடிப்பதும் சின்ன விஷயங்கள் அல்ல. மலையில் மலசலகூடம் இல்லாததால் தண்ணீர் குடிக்காமலே இருக்கும் பெண்களை நான் அறிவேன்.

மீதி அவர்கள் கையில் இல்லை. பணிச்சோர்வை நெடுங்காலம் ஆராய்ந்த கிறிஸ்டினா மாஸ்லாக், அதன் காரணங்களை ஆறாகப் பிரிக்கிறார்: வேலைப்பளு, தன் வேலையில் தனக்குள்ள கட்டுப்பாடு, வெகுமதி, சக தொழிலாளர் உறவு, நியாயம், விழுமியங்கள். மலையகத்தில் நாம் வெகுமதியைப் பற்றி மட்டுமே பேரம் பேசுகிறோம். 2021இல் நாட்சம்பளம் 1,000 ரூபாயானபோது, பறிக்க வேண்டிய கிலோவைக் கூட்டுகிறார்கள் என்ற முறைப்பாடு பல தோட்டங்களில் எழுந்தது.

அதனால் அடுத்த பேச்சுவார்த்தையில் தொழிற்சங்கங்கள் ரூபாயோடு வேறு சிலவற்றையும் கேட்க வேண்டும். வரட்சியிலும் மழையிலும் பறிக்க வேண்டிய கிலோவைக் குறைக்க வேண்டும். மலையில் மலசலகூடம் வேண்டும். கிளினிக் போகும் நாளுக்குச் சம்பளம் வேண்டும். கை ஓடாததற்குக் காரணத்தை அந்தப் பெண்ணிடம் மட்டும் தேடாமல், அவருக்கு மேலுள்ள கணக்கிலும் தேட வேண்டும்.