இரக்கத்தின் அரசியல்: டோரதி டேயும் கத்தோலிக்கத் தொழிலாளர் இயக்கமும்

கத்தோலிக்க விசுவாசம் ஞாயிறு திருப்பலியோடும் வீட்டுச் செபத்தோடும் நின்றுவிட வேண்டியதா, கூலி, வாடகை, வரி, போர் ஆகியவை குறித்த முடிவுகளிலும் அது தலையிட வேண்டியதா என்ற கேள்வி, தொழிற்புரட்சிக்குப் பிந்தைய திருச்சபையை விடாமல் பின்தொடர்ந்து வந்திருக்கிறது. 1891இல் திருத்தந்தை 13ஆம் லியோ வெளியிட்ட 'ரேரும் நோவாரும்' என்னும் சுற்றுமடல், அதாவது திருத்தந்தை ஆயர்களுக்கு எழுதும் போதனை மடல், நியாயமான கூலியையும் தொழிலாளர் சங்கம் அமைக்கும் உரிமையையும் ஆதரித்து அதற்கு ஒரு விடை அளித்தது. அந்த விடை பல நாடுகளில் குருமடங்களின் பாடத்தைத் தாண்டி வெளியே வரவில்லை. அதைப் பெருநகரத்தின் ஏழைத் தெருக்களில் வாழ்ந்து பார்க்கத் துணிந்த பொதுநிலையினருள், அதாவது குருக்களோ துறவியரோ அல்லாத இறைமக்களுள், அமெரிக்காவின் டோரதி டே (1897–1980) முதல் வரிசையில் நிற்பவர்.

நியூயார்க்கின் புரூக்ளினில் பிறந்த அவர், இளமையில் சமதர்மப் பத்திரிகைகளில் எழுதியவர். பெண்களின் வாக்குரிமைக்காக வெள்ளை மாளிகையின் முன் மறியல் செய்து 1917இல் சிறை சென்று, அங்கே உண்ணாவிரதமும் இருந்தவர். கருக்கலைப்பு ஒன்றின் துயரம் அந்த ஆண்டுகளின் நினைவாக அவருள் நெடுங்காலம் தங்கியிருந்தது. 1926இல் மகள் பிறந்தபோது, நன்றி சொல்ல ஓர் இறைவன் வேண்டும் என்ற தவிப்பே அவரைத் திருச்சபையை நோக்கி நகர்த்தியது என்பது கவனிக்கத்தக்கது. அவருடைய மனமாற்றம் மகிழ்ச்சியில் பிறந்தது. ஆனால் குழந்தையின் தந்தை சமயத்தையும் திருமணத்தையும் ஏற்காதவர் ஆதலால், 1927 டிசம்பரில் டே பெற்ற திருமுழுக்கு அவர் நேசித்த மனிதரிடமிருந்தே அவரைப் பிரித்தது. அதைவிட நீண்ட வேதனை ஒன்றும் இருந்தது. ஏழைகளுக்காகத் தெருவில் நின்றவர்கள் கடவுளை மறுத்த தோழர்களாக இருக்க, அவர் வந்து சேர்ந்த திருச்சபையோ வசதி படைத்தோரின் பக்கம் சாய்ந்திருப்பதாகவே அவருக்குத் தோன்றியது. 1932 டிசம்பரில் வாஷிங்டனில் வேலையற்றோரின் பட்டினிப் பேரணியைப் பற்றி எழுதச் சென்றவர், அமல உற்பவ அன்னையின் ஆலயத்தில் கண்ணீரோடு ஒரு வழி கேட்டு வேண்டினார். ஊர் திரும்பிய சில நாள்களிலேயே பீட்டர் மோரின் என்ற பிரெஞ்சு நாட்டு ஏழைச் சிந்தனையாளரைச் சந்தித்தார்.

இருவரும் சேர்ந்து தொடங்கிய 'கத்தோலிக்கத் தொழிலாளர்' என்னும் இதழ், 1933 மே முதல் நாளன்று, தொழிலாளர் கூட்டம் நிறைந்திருந்த யூனியன் சதுக்கத்தில் ஒரு சென்ட் விலைக்கு விற்கப்பட்டது. 2,500 படிகளில் தொடங்கிய இதழ் சில ஆண்டுகளிலேயே ஒரு லட்சத்தைத் தாண்டியது. எழுதியதைச் செய்துகாட்ட வேண்டிய நிலை உடனே வந்தது. ஏனெனில் வீடற்றோரை வரவேற்க வேண்டும் என்று படித்தவர்கள், வீடற்றோராகவே கதவைத் தட்டினார்கள். அப்படித்தான் விருந்தோம்பல் இல்லங்கள் உருவாயின. பசித்தவருக்கு உணவு, ஆடையற்றவருக்கு ஆடை, அந்நியருக்கு இடம் என மத்தேயு நற்செய்தியின் 25ஆம் அதிகாரத்தை ஒட்டித் திருச்சபை வகுத்த 'இரக்கச் செயல்கள்' இங்கே அன்றாட வேலைத் திட்டமாயின. கஞ்சியும் ரொட்டியும் கேட்டு வந்தவர்களின் தகுதி விசாரிக்கப்படவில்லை. குடிகாரரும் மனநோயாளரும் இல்லத்தாரோடு ஒரே மேசையில் உண்டனர். அழுக்கும் சச்சரவும் திருட்டும் நிறைந்த அந்த வாழ்க்கையை டே ஒருபோதும் அழகுபடுத்தி எழுதவில்லை என்பதே அவர் எழுத்தின் பெரும் நேர்மை.

மோரினிடமிருந்து அவர் பெற்ற கொள்கை ஆளியம் எனப்படும்: எதிரே நிற்கும் மனிதருக்கான பொறுப்பை அரசிடமோ அமைப்பிடமோ ஒப்படைத்துவிடாமல், ஒவ்வொருவரும் தம் கையாலும் தம் செலவிலும் ஏற்க வேண்டும் என்பது அதன் சாரம். நகராட்சி தன் தேவைக்காக இல்லம் ஒன்றை எடுத்துக்கொண்டு, இழப்பீட்டுத் தொகைக்கு வட்டியாகத் தந்த 3,579 டாலரை, வட்டி வாங்குவதைக் கண்டித்த திருச்சபையின் பழைய போதனையைச் சுட்டிக்காட்டி அவர் 1960இல் திருப்பி அனுப்பியது இந்தப் பிடிவாதத்தின் ஓர் அடையாளம். பணத்துக்கு எப்போதும் தட்டுப்பாடாகவே இருந்த இல்லம் அது.

ஆயினும் அவருக்கு மிகுதியான விலையைக் கோரியது போரைப் பற்றிய நிலைப்பாடுதான். ஸ்பானிய உள்நாட்டுப் போரில் கத்தோலிக்கரில் பெரும்பாலோர் தளபதி பிராங்கோவை ஆதரித்தபோது இதழ் எந்தத் தரப்பிலும் சேர மறுத்தது. இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இறங்கியபின்னும், பகைவரை நேசிக்கச் சொன்ன கிறிஸ்துவின் கட்டளைக்கு விதிவிலக்கு இல்லை என்று அது எழுதியது. சந்தாதாரர் பலர் விலகினர். இல்லங்கள் பல மூடப்பட்டன. இயக்கத்துக்குள்ளேயே பிளவு ஏற்பட்டது. நாஜிக் கொடுமைக்கு எதிரே ஆயுதமின்றி நிற்பது எப்படி என்ற கேள்வி நியாயமானது, அதற்கு டே அளித்த விடை எல்லாரையும் நிறைவுபடுத்தக்கூடியதும் அன்று. ஆனால் ஹிரோஷிமாவின் மீது குண்டு விழுந்தபோது வெற்றிக் களிப்பில் சேராமல் உடனே கண்டித்து எழுதும் தெளிவை அவருக்குத் தந்தது அந்தப் பிடிவாதமே. 1955 முதல் நியூயார்க்கில் அணுகுண்டுத் தாக்குதல் ஒத்திகை நடந்தபோது, பதுங்கிடம் செல்ல மறுத்துப் பூங்காவில் அமர்ந்து, ஹிரோஷிமாவுக்கான பரிகாரமாகக் கைதை ஏற்றார். 1957இல் 30 நாள் சிறைத்தண்டனை பெற்றார்.

திருச்சபையின் அதிகாரத்தோடு அவர் கொண்ட உறவும் எளிதில் அடங்காதது. விசுவாசப் போதனையில் முழுக் கீழ்ப்படிதல், நாள்தோறும் திருப்பலி, செபமாலை என வாழ்ந்தவர், 1949இல் நியூயார்க் மறைமாவட்டக் கல்லறைத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தபோது, அதை முறியடிக்கக் குருமட மாணவர்களைக் கொண்டு குழி தோண்டச் செய்த பேராயர் கர்தினால் ஸ்பெல்மனுக்கு எதிராகத் தொழிலாளர் பக்கம் நின்றார். இதழின் பெயரிலிருந்து 'கத்தோலிக்க' என்ற அடைமொழியை நீக்குமாறு 1951இல் மறைமாவட்ட அலுவலகம் கேட்டபோது, மரியாதையோடு மறுத்தார், பெயர் நிலைத்தது.

1965 அக்டோபரில், இரண்டாம் வத்திக்கான் சங்கம், அதாவது உலக ஆயர்களின் பொதுச்சங்கம், போரைப் பற்றி விவாதித்துக்கொண்டிருந்த வேளையில், ரோமில் பெண்கள் சிலர் பத்து நாள் நீர் மட்டும் அருந்தி நோன்பிருந்தனர். டேயும் அவர்களுள் ஒருவர். அந்நோன்பை ஒழுங்குசெய்தவர் லான்சா தெல் வாஸ்தோவின் மனைவி. வாஸ்தோவோ வார்தாவில் காந்தியோடு தங்கி, அவரிடம் 'சாந்திதாஸ்' என்ற பெயர் பெற்றவர். காந்தி கொல்லப்பட்டபோது டே எழுதிய அஞ்சலியையும் சேர்த்துப் பார்த்தால், உப்புச் சத்தியாக்கிரகத்தின் நாடு ரோம் நகரத்து நோன்பறைக்குள் சென்றுசேர்ந்த வழி புலப்படும். அவ்வாண்டு டிசம்பரில் சங்கம் ஏற்ற 'இன்றைய உலகில் திருச்சபை' என்னும் ஏடு, நகரங்களை வேறுபாடின்றி அழிக்கும் போர்ச்செயலைக் கடவுளுக்கும் மனிதருக்கும் எதிரான குற்றம் என்று கண்டித்தது. மனச்சான்றின் பேரில் ஆயுதம் ஏந்த மறுப்போருக்குச் சட்டம் இடமளிக்க வேண்டும் என்றும் கூறியது.

இன்று அமெரிக்காவில் கட்சிகள் திருச்சபையின் போதனையைப் பங்குபோட்டுக்கொள்கின்றன. கருவிலிருக்கும் உயிரை ஒரு கட்சியும், அகதியையும் கூலியாளையும் இன்னொரு கட்சியும் எடுத்துக்கொள்ள, விசுவாசிகளும் அவ்வாறே பிரிந்து நிற்கிறார்கள். டேயிடம் இந்தப் பங்கீடு செல்லாது. கருக்கலைப்பைத் துயரத்தோடு எதிர்த்த அவரே, 1973இல் 75 வயதில் கலிபோர்னியப் பண்ணைத் தொழிலாளரோடு மறியலில் நின்று மீண்டும் சிறை சென்றார். 2000இல் 'இறை ஊழியர்' என்று அறிவிக்கப்பட்ட அவருக்குப் புனிதர் பட்டம் அளிப்பதற்கான மறைமாவட்ட விசாரணை 2021 டிசம்பரில் நிறைவுற்று ஆவணங்கள் ரோமுக்கு அனுப்பப்பட்டன. புனிதர் பட்ட முயற்சிக்கு ஆகும் செலவை ஏழைகளுக்குக் கொடுப்பதையே அவர் விரும்பியிருப்பார் என்று அவர் மரபில் வந்தோருள் சிலர் இன்றும் வாதிடுகின்றனர்.