சிவப்புப் புள்ளி எந்த இனம்?

கண்ணுக்கு எட்டாத உலகம் – 9

1819, கோடைக்காலம். இத்தாலியில் பதுவா நகரத்துக்குப் பக்கத்தில் லெஞ்ஞாரோ என்றொரு கிராமம். வெயிலும் புழுக்கமும் சேர்ந்து வாட்டிய நாட்கள். அங்கே ஒரு குடியானவர் வீட்டில் மீந்துபோன மக்காச்சோளக் களியின் மேல் ரத்தச் சொட்டுகள் தெரிந்தன. வீட்டில் யாருக்கும் காயமில்லை, கோழி கூட அறுக்கவில்லை. களியைக் கொட்டிவிட்டு வேறு கிண்டினால் அதிலும் சிவப்பு வந்தது. அக்கம்பக்கத்து வீடுகளிலும் வந்தது. பேய் வேலை, சாபம் என்று பேச்சு கிளம்பி, கடைசியில் பதுவா பல்கலைக்கழகத்துப் பேராசிரியர்கள் விசாரிக்கும் அளவுக்கு விஷயம் முற்றிவிட்டது.

பேயை ஓட்டியவர் பார்த்தோலோமியோ பிட்சியோ என்ற இளம் மருந்தாளுநர். சூடும் ஈரமும் உள்ள இடத்தில் புதுக் களியை வைத்து, அதே சிவப்பைத் தாமே வரவழைத்துக் காட்டினார். இது உயிருள்ள ஒன்று, தண்டு இல்லாத ஒருவகைப் பூஞ்சை என்பது அவர் முடிவு. 1823இல் அதற்கு செராஷியா மார்செசென்ஸ் என்று பெயர் வைத்தார். செராட்டி என்ற இத்தாலிய இயற்பியலாளர் அர்னோ நதியில் நீராவிப் படகு ஓட்டியவராம்; பெருமை மட்டும் வேறு யாருக்கோ போய்விட்டது என்று பிட்சியோவுக்கு ஆதங்கம். அந்த ஆதங்கம் களியில் வந்த சிவப்புக்குப் பெயராகிவிட்டது. அதே சமயத்தில் அதே ஊரில் அதே சிவப்பை ஆராய்ந்த விஞ்சென்சோ செத்தே என்ற மருத்துவர் 'ஸாவோகலாக்டினா இமெட்ரோஃபா' என்று வேறொரு பெயர் வைத்தார். நல்ல வேளை, அது நிலைக்கவில்லை.

இந்தச் சிவப்புப் புள்ளி அடுத்த நூறு ஆண்டுகளில் பூஞ்சையாக, விலங்காக, தாவரமாக வேஷம் மாறியது. புள்ளி மாறவில்லை, பார்த்தவர்கள் மாறினார்கள். நுண்ணுயிர்களை வகைப்படுத்தப் பட்ட பாட்டைச் சொல்ல இதைவிட நல்ல சாட்சி எனக்குக் கிடைக்கவில்லை.

சென்ற வாரம் லீவன்ஹூக்கை டெல்ஃப்ட் நகரத்தில் விட்டுவிட்டு வந்தோம். 1676இல் அவர் லண்டன் ராயல் சொசைட்டிக்கு எழுதிய கடிதத்தில் தண்ணீருக்குள் துள்ளிய குட்டி விலங்குகள் வந்துவிட்டன. ஆனால் அவர் பார்த்தாரே தவிர, வகை பிரிக்கவில்லை. துணி வியாபாரியான அவருக்கு அது வேலையும் இல்லை. அது லின்னேயஸின் வேலை. உலகத்தில் உள்ள செடி, பூச்சி, மீன், மனிதன் எல்லாவற்றுக்கும் இரட்டைப் பெயர் கொடுத்த அந்த ஸ்வீடன்காரர், இந்தக் குட்டி விலங்குகளிடம் வந்ததும் தடுமாறினார். 1767இல் வெளிவந்த 'சிஸ்டமா நேச்சுரே' 12ஆம் பதிப்பில், புழுக்கள் என்ற வகுப்பின் கடைசியில் 'கேயாஸ்' என்று ஒரு பேரினம் இருக்கிறது. பெயரே குழப்பம்தான். எங்கே வைப்பதென்று தெரியாததையெல்லாம் போட்டுவைக்கும் மூலைப் பெட்டி அது. 'கேயாஸ் இன்ஃபுசோரியம்' என்ற ஒரே இனத்துக்குள் ஊறல் நீரில் நீந்தும் அத்தனையையும் அடக்கிவிட்டார்.

அதோடு, வருங்காலத்தவர் ஆராயட்டும் என்று ஒரு பட்டியலையும் விட்டுச் சென்றார்: உடம்பில் கொப்புளம் கிளப்பும் காய்ச்சல்களின் தொற்று, விட்டுவிட்டு வரும் காய்ச்சலின் காரணம், மேகநோயின் நஞ்சு, லீவன்ஹூக்கின் விந்தணுக்கள், புளிப்பையும் அழுகலையும் உண்டாக்கும் ஏதோ ஒன்று. லின்னேயஸ் கைகழுவிவிட்டார் என்று சிலர் இதைக் கேலி செய்வதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. காய்ச்சலையும் புளித்த மாவையும் ஒரே வரிசையில் நிறுத்திச் சந்தேகப்பட, பாஸ்டருக்கு நூறாண்டு முன்னால், ஒரு தனி மூக்கு வேண்டும்.

டென்மார்க்கின் ஓட்டோ ஃபிரடெரிக் முல்லர் அந்தப் பெட்டியைத் திறந்து பிரிக்கத் தொடங்கினார். வைப்ரியோ என்ற பெயர் அவருடையது. பெட்டியைக் கொட்டிக் கவிழ்த்தவர் பெர்லினின் கிறிஸ்டியன் எரன்பெர்க். 1838இல் அவர் வெளியிட்ட பெரிய நூலின் தலைப்பே 'முழுமையான உயிர்களாக ஊறல் விலங்குகள்' என்ற பொருளில் அமைந்தது. பாக்டீரியம், ஸ்பைரில்லம், ஸ்பைரோகீட்டா என்று இன்றும் வழங்கும் பெயர்கள் அவர் தந்தவை. எரன்பெர்க்கின் நம்பிக்கை இதுதான்: யானைக்கு உள்ளதெல்லாம் இதற்கும் உண்டு, அளவுதான் சிறிது. ஊறல் நீரில் நீலச் சாயமும் கார்மைன் சிவப்பும் கலந்தார். அந்த உயிர்களுக்குள் வண்ணக் குமிழிகள் தெரிந்தன. அவை வயிறுகள் என்றார். ஒரு உயிருக்கு ஒரு வயிறு அல்ல, பல வயிறுகள்! பிரான்சின் துஜார்தான் அவை வெறும் குமிழிகள் என்று எழுதியும் எரன்பெர்க் இறங்கிவரவில்லை. கண் அற்புதமானது, பார்த்ததற்குச் சொன்ன பொருள்தான் தவறு. 1848இல் பெர்லினில் வேகவைத்த உருளைக்கிழங்கின் மேல் சிவப்பு வந்தபோது அவர்தான் பார்த்தார். மிகச் சிறிய விலங்கு என்று தீர்மானித்து 'மோனாஸ் ப்ரோடிஜியோஸா' என்று பதிவு செய்தார். பூஞ்சை இப்போது விலங்காயிற்று.

எரன்பெர்க் இன்னொரு காரியமும் செய்தார். பழைய நூல்களைப் புரட்டி, அப்பத்திலும் சோற்றிலும் ரத்தம் வந்ததாகச் சொல்லும் குறிப்புகளைத் திரட்டினார். அலெக்சாந்தர் டயர் நகரத்தை முற்றுகையிட்டபோது ரொட்டியில் ரத்தம் கசிந்த கதை வரைக்கும் அது நீண்டது. இந்தக் கதைகளுக்கு ஒரு கொடூரமான முகம் உண்டு. தேவாலயத்தில் கொடுக்கும் புனித அப்பத்தை யூதர்கள் திருடிக் குத்தினார்கள், அதிலிருந்து ரத்தம் வந்தது என்று குற்றம் சாட்டி ஐரோப்பாவில் ஊர் ஊராகக் கொன்றிருக்கிறார்கள். பிரெஸ்லாவ் நகரத்தில் 1453இல் அப்பத்தை அவமதித்ததாக 41 யூதர்களை எரித்து, மிச்சம் பேரைத் துரத்தினார்கள். அந்தக் குற்றச்சாட்டுகளில் எதற்குப் பின்னால் உண்மையில் ஒரு சிவப்புக் கறை இருந்தது, எது முழுப் பொய் என்று பிரிக்க இன்று வழியில்லை.

அதே பிரெஸ்லாவில், யூதக் குடியிருப்பில், 1828இல் பிறந்தவர் ஃபெர்டினாண்ட் கோன். இளம் வயதிலேயே பல்கலைக்கழகம் போனார். யூதர் என்பதால் பிரெஸ்லாவில் பட்டம் கிடையாது. பெர்லின் போய் 19 வயதில் முனைவர் பட்டம் வாங்கித் திரும்பினார். வியன்னாவின் ப்ளோசல் செய்த விலையுயர்ந்த நுண்ணோக்கி ஒன்றை அப்பா வாங்கிக் கொடுத்தார்; பல்கலைக்கழகத்திலேயே அப்படி ஒன்று இல்லை. 1866இல் அங்கே அவர் தொடங்கிய தாவர உடலியல் நிலையத்தில்தான் பாக்டீரியாவின் வகைப்பாடு உருவாயிற்று.

1872இல் கோன் வெளியிட்ட கட்டுரை நான்கு கூட்டங்களைச் சொன்னது: உருண்டை, குட்டைக் குச்சி, நீளக் குச்சி அல்லது இழை, சுருள். இவற்றுக்குள் மைக்ரோகாக்கஸ், பாக்டீரியம், பேசில்லஸ், வைப்ரியோ, ஸ்பைரில்லம், ஸ்பைரோகீட்டா ஆகிய பேரினங்கள். இவை விலங்கு அல்ல என்று உறுதியாகச் சொன்னார். நீலப்பச்சைப் பாசிகளுக்குப் பக்கத்தில் தாவரங்களோடு வைத்தார். தாவரம் என்பது பிற்காலத்தில் அடிபட்டுப்போனாலும், நீலப்பச்சைப் பாசிக்கு உறவு என்பது இன்றைக்கும் நிற்கிறது.

உருவம் மட்டும் போதாது என்பது கோனுக்கே தெரியும். ஆகவே உருண்டைகளை அவை செய்யும் வேலையை வைத்து மறுபடியும் மூன்றாகப் பிரித்தார்: நிறம் தருபவை, புளிக்க வைப்பவை, நோய் தருபவை. இதற்குத் துணையாக நின்றது ஜோசப் ஷ்ரோட்டர் அவருடைய ஆய்வகத்தில் செய்த ஓர் எளிய வேலை. வேகவைத்த உருளைக்கிழங்குத் துண்டுகளைத் திறந்து வைத்தார். சிவப்பு, மஞ்சள், நீலம் என்று தனித்தனிப் புள்ளிகள் முளைத்தன. ஒவ்வொன்றையும் எடுத்துப் புதுத் துண்டில் தடவினால் சிவப்பிலிருந்து சிவப்பே வந்தது, மஞ்சளிலிருந்து மஞ்சளே வந்தது. நம் சிவப்புப் புள்ளி 'மைக்ரோகாக்கஸ் ப்ரோடிஜியோஸஸ்' ஆகி, நிறம் தரும் கூட்டத்தில் உட்கார்ந்தது.

எதிர்ப்பு மியூனிக்கிலிருந்து வந்தது. கார்ல் நேகெலி சாதாரண ஆள் அல்ல. தாவரவியலில் அன்றைக்குப் பெரும் புள்ளி. (மெண்டல் தன் பட்டாணிக் கணக்கை இவருக்குத்தான் எழுதி அனுப்பினார், இவருக்குப் பிடிபடவில்லை.) பத்து ஆண்டுகளாக ஆயிரக்கணக்கான பாக்டீரியா வடிவங்களைப் பார்த்தும் அவற்றை இரண்டு இனமாகக் கூடப் பிரிக்கக் காரணம் காணவில்லை என்று 1877இல் எழுதினார். உருண்டை குச்சியாகும், குச்சி சுருளாகும், பாலைப் புளிக்க வைப்பது நாளை காய்ச்சல் தரும். எல்லாம் ஒன்றே என்றால் ஒவ்வொரு நோய்க்கும் ஒரு கிருமி என்ற பேச்சுக்கே இடமில்லை. காலராவுக்குக் கிருமி தேடுவதே வீண் வேலை ஆகிவிடும். தாவரவியலாளர்களின் சண்டை போலத் தெரிந்த இதில் மருத்துவத்தின் தலையெழுத்தே அடங்கியிருந்தது.

நேகெலியைப் பார்த்துச் சிரிப்பது எளிது. ஆனால் அவர் கண்ணாடிக் குடுவைக்குள் ஐம்பது வகை கலந்து கிடந்தது. திங்கட்கிழமை உருண்டை மிகுந்திருக்கும், வியாழக்கிழமை குச்சி மிகுந்திருக்கும். ஒன்று மற்றொன்றாக மாறிவிட்டதென்று நினைக்காமல் வேறென்ன நினைப்பது?

நேகெலி அப்படி எழுதியதற்கு முந்தைய ஆண்டு, 1876 ஏப்ரல் 30, ஞாயிற்றுக்கிழமை. வோல்ஸ்டைன் என்ற சிற்றூரிலிருந்து பெயர் தெரியாத 32 வயது அரசு மருத்துவர் ஒருவர் பிரெஸ்லாவ் வந்து கோனின் கதவைத் தட்டினார். ராபர்ட் காக். ஆடுமாடுகளைக் கொல்லும் அடைப்பான் நோயின் பேசில்லஸை வீட்டிலேயே வைத்து ஆராய்ந்திருந்தார். மாட்டுக் கண்ணிலிருந்து எடுத்த ஒரு சொட்டு நீரில் அதை வளர்த்து, நுண்ணோக்கிக்கு அடியிலேயே மணிக்கணக்கில் கவனித்தார். குச்சி நீண்டு இழையானது. இழைக்குள் மணி மணியாக, விதை போன்ற ஸ்போர்கள் தோன்றின. ஸ்போரிலிருந்து மறுபடியும் குச்சி பிறந்தது. கோன் அப்போதுதான் வைக்கோல் ஊறலில் வளரும் பேசில்லஸ் சப்டிலிஸில் கொதிநீருக்கும் சாகாத ஸ்போர்களைக் கண்டிருந்தார். ஆகவே காக் காட்டியது என்னவென்று அவருக்கு உடனே விளங்கியது. அவ்வாண்டே தன் இதழில் அச்சிட்டார்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. காக் காட்டியது உருவம் மாறும் உயிரைத்தான்! ஒரே கிருமி குச்சியாகவும் இழையாகவும் உருண்டை ஸ்போராகவும் இருக்கிறது. இது நேகெலி சொன்னது போலவே இருக்கிறதே என்று கேட்கலாம். வேறுபாடு, அந்த மாற்றம் ஒரு வட்டம். சுற்றி வந்து தொடங்கிய இடத்தையே சேர்கிறது. கிருமியை அடையாளம் காண அதன் முகம் போதாது, அதன் வாழ்க்கை முழுவதும் வேண்டும். கோன் தரப்பு வென்றது என்று பாடநூல்கள் எழுதும். கோனின் அளவுகோலான உருவமும் அங்கேயே ஆட்டம் கண்டது என்பதைப் பலர் எழுதுவதில்லை.

1880இல் நேகெலியின் மாணவர் ஹான்ஸ் புக்னர், வைக்கோல் பேசில்லஸை அடைப்பான் பேசில்லஸாகவே மாற்றிவிட்டேன் என்றார். கலப்படம் என்று காக் ஒரே போடாகப் போட்டார். இதற்கு வாதத்தால் முடிவு கிடையாது. ஒரே ஒரு கிருமியின் வம்சத்தை மட்டும் தனியே வளர்க்கத் தெரிய வேண்டும். உருளைக்கிழங்கில் எல்லாம் வளராது. ஜெலட்டின் உடல் வெப்பத்தில் உருகிவிடும். வழி சமையலறையிலிருந்து வந்தது. காக்கிடம் வேலை செய்த வால்டர் ஹெஸ்ஸேயின் மனைவி ஃபானி, ஜாவாவில் வாழ்ந்த பழக்கத்தார் சொல்லித் தெரிந்துகொண்டு பழக்கூழில் போட்டுவந்த அகர்அகரை எடுத்துக் கொடுத்தார். நம் வீடுகளில் நோன்புக் காலத்தில் செய்கிற கடல்பாசி இனிப்பின் அதே கடல்பாசி. மன்னார் வளைகுடாவில் ராமநாதபுரத்துப் பெண்கள் முங்கி முங்கிப் பறிக்கும் மரிக்கொழுந்துப் பாசி மதுரைப் பக்கத்து ஆலைகளுக்குப் போவதும் அகர் எடுக்கத்தான். 1882இல் காசநோய்க் கிருமி பற்றிய கட்டுரையில் காக் அகரைப் பற்றி ஒரு வரி எழுதினார். ஃபானியின் பெயர் அதில் இல்லை.

தனியே வளர்த்துப் பார்த்ததில் நம் சிவப்புப் புள்ளியின் கதையும் வெளுத்தது. அது உருண்டையே அல்ல, மிகக் குட்டையான குச்சி. நிறமும் நிலையில்லை; வளரும் சூழலை மாற்றினால் சிவப்பைக் கைவிட்டு வெள்ளையாக நிற்கும். உருவம், நிறம் இரண்டிலுமே கோன் ஏமாந்திருக்கிறார். பேசில்லஸ் ப்ரோடிஜியோஸஸ் என்று கொஞ்ச காலம் ஓடி, 1920களில் பிட்சியோவின் பழைய செராஷியாவுக்கே திரும்பியது.

பெயர் திரும்பினாலும் கோன் கட்டிய ஒரு பட்டை ஒட்டிக்கொண்டே இருந்தது: நிறம் தருவது, ஆகவே நோய் தராதது. கண்ணில் படும் சிவப்பு, தீங்கில்லாத சுபாவம். ஆய்வாளர்களுக்கு இதைவிட வேறென்ன வேண்டும்? 1906இல் லண்டனில் எம்.எச்.கார்டன் என்பவர் இந்தக் கிருமி ஊறிய திரவத்தால் வாய் கொப்பளித்துவிட்டு, நாடாளுமன்ற மக்களவைக் கூடத்தில் நின்று ஷேக்ஸ்பியர் வசனம் பேசினார். சபையில் உறுப்பினர்கள் இல்லை, அகர் தட்டுகள்தான். பேச்சில் தெறிக்கும் கிருமி எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்தார்கள்.

1950 செப்டம்பரில் அமெரிக்கக் கடற்படை இதையே பெரிய அளவில் செய்தது. உயிரியல் தாக்குதல் நடந்தால் எப்படிப் பரவும் என்று அறிய, சான் பிரான்சிஸ்கோ கடற்கரைக்கு அப்பால் நின்ற கப்பலிலிருந்து செராஷியாவையும், கோனின் வைக்கோல் பேசில்லஸுக்கு நெருங்கிய உறவான இன்னொன்றையும் ஊர் மேல் தூவியது. மக்களுக்குச் சொல்லவில்லை. சில நாட்களில் அந்நகரின் ஸ்டான்ஃபோர்ட் மருத்துவமனையில் செராஷியா தொற்று வரத் தொடங்கியது. மொத்தம் 11 நோயாளிகள், ஒருவர் இறந்தார். அங்கே முன்பு பார்த்தறியாத தொற்று என்பதால் மருத்துவர்கள் 1951இல் அதை ஆய்விதழில் எழுதினார்கள். தூவப்பட்ட கதை அவர்களுக்குத் தெரியாது. 1976இல்தான் பத்திரிகையில் வந்தது. இறந்தவரின் குடும்பம் வழக்குப் போட்டது, தோற்றது. இரண்டுக்கும் தொடர்பில்லை என்பது அரசின் வாதம்.

இன்று செராஷியா மருத்துவமனைகளுக்கு நன்றாகத் தெரிந்த தொல்லை, குறிப்பாகப் பச்சிளங்குழந்தைகளின் தீவிர சிகிச்சைப் பிரிவில். மரபணு வரிசைகளை வைத்து உறவுமுறையை மறுபடியும் கணக்கிட்டவர்கள் 2016இல் அதைப் பழைய குடும்பத்திலிருந்து பிரித்து யெர்சினியேசியே என்ற புதிய குடும்பத்தில் சேர்த்தார்கள். அந்தக் குடும்பத்துக்குப் பெயர் கொடுத்தது பிளேக் கிருமியின் பேரினம்.

(தொடரும்)