ஓய்வெடுத்தும் தீராத அசதி ஏன்?

நாள் முழுக்க வயலில் உழைத்தவர்கூட ஒரு தூக்கம் போட்டால் தெளிந்துவிடுவார். நாட்பட்ட சோர்வு நோய் உள்ளவருக்கு அந்தக் கணக்கு பொருந்தாது. தலைக்குக் குளித்தது, அரை மணி நேரம் போனில் பேசியது போன்ற சின்ன விஷயத்துக்கே உடம்பு படுத்துவிடும். அதுவும் உடனே அல்ல. பெரும்பாலும் 12 முதல் 48 மணி நேரம் கழித்து. அதனால்தான் எது வினையானது என்று அவருக்கே பிடிபடுவதில்லை.

பலருக்கு இது ஒரு வைரஸ் காய்ச்சலுக்குப் பின் தொடங்குகிறது. நோய் எதிர்ப்பு மண்டலத்திலும் செல்கள் ஆற்றல் தயாரிக்கும் முறையிலும் கோளாறுகள் தென்படுகின்றன. ஆனால் உறுதிசெய்ய ரத்தப் பரிசோதனை கிடையாது. தைராய்டு, ரத்தசோகை போன்றவற்றை விலக்கிவிட்டு, அறிகுறிகளை வைத்தே முடிவு செய்கிறார்கள். ரிப்போர்ட் நார்மல் என்றதும் வீட்டில் ‘சோம்பேறி’ பட்டம் கிடைப்பதுதான் கொடுமை.

‘நாலு எட்டு நடந்தால் சரியாகிவிடும்’ என்ற அறிவுரை இங்கே ஆபத்து. உடற்பயிற்சியைப் படிப்படியாகக் கூட்டும் சிகிச்சையை 2007இல் பரிந்துரைத்த பிரிட்டனின் ‘நைஸ்’ என்ற மருத்துவ வழிகாட்டுதல் அமைப்பே 2021இல் அதைக் கைவிட்டது. இப்போதைய வழி, களைக்கும் முன்பே நிறுத்துவது: உட்கார்ந்தே காய் நறுக்கலாம், தெம்பான நாளிலும் எல்லா வேலையையும் இழுத்துப் போட்டுக்கொள்ளக் கூடாது. வலிக்கும் தூக்கமின்மைக்கும் தனித்தனியே மருந்து தருகிறார்கள். நோயையே தீர்க்கும் மருந்து இன்னும் வரவில்லை.