ஒரே வேரில் இரக்கமும் தர்மமும்



ஆங்கிலத்தில் 'எலிமோசினரி' என்றொரு சொல் உண்டு. பேச்சில் யாரும் சொல்வதில்லை. சட்ட நூல்களில்தான் பெரும்பாலும் கண்ணில் படும். தர்மம் சார்ந்தது, தர்மமாகக் கொடுக்கப்பட்டது, தர்மத்தை நம்பி வாழ்வது ஆகிய மூன்றுக்கும் அந்த ஒரு சொல்தான். 1819-இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் டார்ட்மவுத் கல்லூரியை 'எலிமோசினரி' நிறுவனம் என்றது. தனியார் கொடையில் எழுந்த அதன் சாசனத்தை மாநில அரசு தன் விருப்பப்படி மாற்றக் கூடாது என்று தீர்ப்பளித்தது.

வழக்கு இருக்கட்டும். இச்சொல்லின் பிறப்பிடம் நமக்கு அந்நியமானதன்று. 'எலெயோஸ்' என்றால் கிரேக்கத்தில் இரக்கம். அதிலிருந்து வந்தது 'எலெயெமோசினே': முதலில் இரக்கம், பிறகு இரக்கத்தால் கொடுப்பது. மத்தேயு நற்செய்தி 6-ஆம் அதிகாரத்தில் தர்மம் செய்வதைப் பற்றி ஆண்டவர் கற்பிக்கும்போது கிரேக்க மூலத்தில் நிற்பது இதுவே. இலத்தீன் வழியாக ஆங்கிலத்துக்குள் போய், ஒரு பக்கம் 'ஆம்ஸ்' என்று ஓரசையாகத் தேய்ந்தது. மறுபக்கம் வாயில் நுழையாத நீளத்திலேயே தங்கிவிட்டது.

திருப்பலியின் தொடக்கத்தில் 'கீரியே எலெயிசோன்' என்று மன்றாடுகிறோமே, அதற்கும் இதே வேர்தான். அங்கே நாம் கையேந்துகிறவர்கள். சற்று நேரத்தில் காணிக்கைப் பை வரும்போது கொடுக்கிறவர்களாகிவிடுகிறோம். கையேந்தியது அதற்குள் மறந்துபோகிறது. கோவில் வாசலில் அமர்ந்திருப்பவரோ, உள்ளே நாம் இறைவனிடம் கேட்டதையே நம்மிடம் கேட்கிறார்.

நம் தமிழிலும் 'தர்மம்' என்றால் அறமும்தான், பிச்சையும்தான். எபிரேயத்தில் நீதியைக் குறிக்கும் 'செதாக்கா' என்ற சொல்லைப் பழைய ஏற்பாட்டின் கிரேக்க மொழிபெயர்ப்பாளர்கள் சில இடங்களில் 'எலெயெமோசினே' என்றே எழுதினார்கள். அப்படியானால் ஏழைக்குக் கொடுப்பது நாம் காட்டும் சலுகையா, அவருக்குச் சேரவேண்டிய பங்கா?

மின்விசிறியின் இறக்கையில்கூடக் கொடுத்தவர் பெயரை எழுதுகிறோம். அது போகட்டும், பெயர் நம்முடையது. ஆனால் ஐந்து கிலோ அரிசிப் பையை வாங்கும் மூதாட்டியை நிறுத்திப் படம் எடுக்கிறோம். மாலைக்குள் அது எல்லார் கைபேசியிலும் வந்துவிடுகிறது. பாவமன்னிப்புக் கேட்டு மார்பில் தட்டும் வேளையில் நம்மை ஒருவர் அப்படிப் படம் எடுத்தால் ஒப்புவோமா?

இந்தத் தவக்காலத்தில் நம் பங்கில் அரிசி வழங்கும் நாளன்று கைபேசிகளைப் பையிலேயே வைத்திருப்போம்.