காத்திருப்போர் கையில் துப்பறியும் கதை

அறுவை அரங்கின் வாயிலில் அமர்ந்திருப்போர் கைகளில் துப்பறியும் நாவல்களை நாம் அடிக்கடி காண்கிறோம். ஒரகடத்தில் இரவுப் பணி முடித்து நேரே வந்தவர்களும் அவர்களுள் உண்டு.

சிற்றூர், ஒரு கொலை, கடைசிப் பக்கத்தில் விடை. 1930-இல் வெளியான முதல் மிஸ் மார்ப்பிள் நாவலிலிருந்து இவ்வகையின் அமைப்பு பெரிதும் மாறவில்லை. அதை எழுதிய அகதா கிறிஸ்டி முதல் உலகப் போரின்போது மருத்துவமனை மருந்தகத்தில் பணியாற்றியவர். நஞ்சுகளைப் பற்றி அங்கேதான் கற்றார். (நம் மருந்தாளுநர்கள் இதைக் கேட்டுச் சிரிக்கின்றனர்.) தமிழில் தேவன் 1940-களில் ஆனந்த விகடனில் படைத்த துப்பறியும் சாம்பு, வங்கிக் குமாஸ்தா, அசடர். அவர் செய்யும் தவறே துப்பாக முடியும்.

மருத்துவர் "நாளை பார்ப்போம்" என்கிறார். கதையோ இன்றே காரணத்தைச் சொல்லிவிடுகிறது. ஈர்ப்பு அதில்தான்.

ஆனால் அங்கே இறந்தவருக்காக எவரும் அழுவதில்லை. தீவிர சிகிச்சைப் பிரிவின் வெளியே இருப்பவருக்கு அது உறுத்தும். அவருக்குச் சாம்புவையே பரிந்துரைப்போம். மேலும், அக்கதைகளில் ஊரார் ஒருவரையொருவர் அறிவர். ஸ்ரீபெரும்புதூரின் வாடகை அறைகளில் அடுத்த கட்டிலில் உறங்குபவரின் சொந்த ஊரே தெரிவதில்லை. நினைவிழந்து வரும் தொழிலாளியின் வீட்டாரை எப்படித் தேடுவது? உடன் தங்குவோரின் வீட்டுத் தொலைபேசி எண்ணை இன்றே கேட்டுக் குறித்துக்கொள்ளுங்கள்.

படிக்க அமருமுன் செவிலியரிடம் உங்கள் இருக்கையைச் சொல்லிவிடுங்கள். கதையில் மூழ்கி அழைப்பைத் தவறவிட்டோர் உண்டு.