பலகைமேல் ஒரு பேரரசர்

கடந்த ஆண்டு நம் பங்கின் பாதுகாவலர் திருவிழாவுக்குக் கலைநிகழ்ச்சி எது என்ற பேச்சு எழுந்தபோது, மெல்லிசைக் கச்சேரி வேண்டாம் என்பதில் மட்டுமே பங்குப் பேரவையினர் ஒருமனப்பட்டனர். கேரளத்தில் கொடுங்கல்லூரை அடுத்த கோதுருத்துப் பகுதியில் இலத்தீன் கத்தோலிக்கர் ஆடிவரும் சவிட்டு நாடகத்தை வரவழைக்கலாம் என்றோம் நாம். "மலையாள நாடகம் நம் சனங்களுக்கு விளங்குமா, சாமி?" என்று முதிய உபதேசியார் வினவினார்.

வேடிக்கை யாதெனில், அந்நாடகப் பாடல்கள் தமிழ் செறிந்தவை. போர்த்துக்கீசியர் காலத்தில் சின்னத்தம்பி அண்ணாவி என்னும் தமிழர் இக்கூத்தைக் கடற்கரை மக்களுக்குக் கற்பித்தார் என்பது அவர்களது மரபுரை. ஆட்டுவிக்கும் ஆசானுக்கு அண்ணாவி என்ற பெயர் இன்றும் உண்டு. நம் தெருக்கூத்துக் கட்டியக்காரனும் அங்கே வந்து நகைப்பூட்டுகிறான்.

அவர்களது புகழ்பெற்ற நாடகம் 'காறல்மான் சரித்திரம்'. பேரரசர் சார்லிமேனும் அவருடைய பன்னிரு மாவீரரும் துருக்கரோடு பொருதும் கதை. முற்காலத்தில் பதினைந்து இரவுகள் ஆடுவார்களாம். நாம் கேட்டது ஓர் இரவு.

வந்த அண்ணாவி முதலில் நோக்கியது மேடையைத்தான். பள்ளியின் சிமெண்டு மேடையைக் காலால் தட்டிப் பார்த்து, தலையை அசைத்துவிட்டார். சவிட்டு என்றாலே மிதித்தல். பாட்டின் தாளத்தை நடிகர்கள் தம் பாதங்களால் பலகைமேல் முழக்க வேண்டும். சிமெண்டிலோ ஓசையும் எழாது, முழங்காலும் தாங்காது. ஆகவே பலகைக்காக, ஊரின் மரவாடி உரிமையாளரிடம் சென்றோம். அவர் ஓர் இஸ்லாமியப் பெரியவர். எத்தனை பலகை வேண்டுமெனினும் எடுத்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, "என்ன கதை, சாமி?" என்று கேட்டார்.

நமக்கு நா எழவில்லை. துருக்கர் தோற்கும் கதைக்கு அவரிடமே பலகை கேட்டு நின்றோம்! மறைக்காமல் கூறிவிட்டோம். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "அது நிசமா நடந்ததா?" என்றார்.

அன்றிரவு உறக்கம் பிடிக்கவில்லை. பாட்டில் அச்சொற்களை மாற்ற இயலுமா என்று அண்ணாவியிடம் கேட்டோம். சொல்லை மாற்றினால் அடி தவறும், அடி தவறினால் ஆட்டமே இல்லை என்று அவர் கைவிரித்தார். அவர் கூறியதும் நியாயமே. நாடகத்தையே நிறுத்திவிட எண்ணி, அதையும் கைவிட்டோம். திரை விலகுமுன் நாமே ஒலிபெருக்கியின் முன் நிற்பது என முடிவாயிற்று.

அரங்கில் நாம் உரைத்தது இவ்வளவே: 778-ஆம் ஆண்டு பிரனீஸ் மலைக்கணவாயில் பேரரசரின் பின்படையைத் தாக்கி வீரன் ரோலண்டை வீழ்த்தியவர்கள் இஸ்லாமியர் அல்லர், மலைவாழ் பாஸ்க் மக்கள். பேரரசரின் வரலாற்றை எழுதிய ஐன்ஹார்ட் அவ்வாறே குறித்துள்ளார். முந்நூறு ஆண்டுகள் கழித்து எழுந்த பாடலே பகைவரை மாற்றிற்று. அப்படையெடுப்புக்குச் சார்லிமேனை அழைத்ததே ஸ்பெயின் நாட்டு இஸ்லாமிய ஆளுநர்தாம். பாக்தாது கலீபா ஹாரூன் அல் ரசீது அவருக்கு அனுப்பிய யானை 802-இல் ஆகன் நகர் வந்து சேர்ந்தது. யானை என்றதும் சிறுவர்கள் கைதட்டினார்கள்.

பின்னர் விளக்கொளியில் மார்க்கவசமும் இறகு செருகிய தலைக்கவசமும் மின்ன வீரர்கள் தோன்றினர். பகலில் வலை வீசும் கைகள் வாளேந்தின. பலகைகள் இடியென முழங்கின. மூன்றாம் வரிசையில் பேரனை மடியில் இருத்தி மரவாடிப் பெரியவர் அமர்ந்திருந்தார். ரோல்தான் மாண்டு விழுந்தபோது அவர் மேல்துண்டால் கண்ணைத் துடைத்ததை நாம் கண்டோம்.

மறுநாள் இரண்டு பலகைகள் பிளந்திருந்தன. விலை கொடுக்க முன்வந்தபோது பெரியவர் மறுத்துவிட்டார். "யானைக் கதையும் அடுத்த வருசம் ஆடுவாங்களா, சாமி?" என்று மட்டும் கேட்டார். அண்ணாவிக்கு எழுதியிருக்கிறோம்.