எண்ணும் உயிரும்

இலங்கையின் முதலாவது பொதுச் சுகாதார அலகு 1926 ஆம் ஆண்டு களுத்துறையில் நிறுவப்பெற்றது. குடும்பநல மாதர் வீடுதோறுஞ் சென்று ஏட்டிற் பொறித்துவந்த விவரங்கள், இன்று கணினி வழியே கொழும்பிலுள்ள குடும்ப சுகாதாரப் பணியகத்தை அடைகின்றன.

ஆயினும், கணினியை இயக்கக் கற்றல் பாதிக் கல்வியே என்போம். 8.6 கிலோ நிறையை 6.8 எனப் பதிந்தால், நலமுள்ள மகவும் நலிந்ததாகத் தோன்றும். நிறைக்கோடு மூன்று திங்கள் மேலேறாது கிடப்பின், எண் குறையாவிடினும் அஃது அபாயக் குறியேயாம். அதனைப் படித்துணர்ந்து, மாவடிப்பள்ளித் தாயொருத்தியின் வாயிலுக்கு விரையவேண்டியவர் மாதரே, கணினியன்று.

ஆகவே, தாதியராகவும் சமூகசேவை உத்தியோகத்தராகவும் செல்லவிருக்கும் எம் மாணவர், விரற்பழக்கத்தோடு எண்ணின் பொருளுணரும் பழக்கத்தையும் கைக்கொள்வாராக. தத்தம் பணிமனைகளில் அப்பயிற்சிக்கு வழிசெய்தல் பழைய மாணவர் கடனாகும்.